பதில்: எச்.டி. பெட்டி இருந்தும் படம் மங்கல், டிஷ்ஷுக்கு மாறலாமா?

மாறலாம், ஆனால் இன்றைக்கே வேண்டாம். கேபிளில் எச்.டி. பெட்டி வாங்கியும் 43 அங்குல டிவியில் முகங்கள் மங்கலாக இருக்கின்றன என்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் கேபிள் இணைப்பில் இல்லை, பெட்டியிலிருந்து டிவிக்குப் போகும் ஒயரில்தான். சிக்னல் கெட்டால் படம் கட்டம் கட்டமாக உடையும், மங்காது.

1. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை ஒயரில் எச்.டி. வரவே வராது. எச்டிஎம்ஐ ஒயர் மாட்டி, பெட்டியின் அமைப்பில் படத் தெளிவை (ரெசல்யூஷன்) 1080i என்று வையுங்கள்.

2. ஒரே சேனலின் சாதாரண எண்ணையும் எச்.டி. எண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் தனி எண், தனிக் கட்டணம். (நான் மூன்று மாதம் எச்.டி.க்குப் பணம் கட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் சாதாரண எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.)

இதற்குப் பிறகும் வித்தியாசம் தெரியவில்லை, அல்லது நீங்கள் விரும்பும் சேனலின் எச்.டி. வடிவமே உங்கள் கேபிளில் இல்லை என்றால், தயங்காமல் டிஷ் போடுங்கள்.

அதற்கு முன் மொட்டை மாடிக்கு ஒருமுறை ஏறுங்கள். தமிழ்நாட்டிலிருந்து இந்த டிஷ்கள் பெரும்பாலும் தெற்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட வானத்தைப் பார்க்கும். அந்தப் பக்கம் தென்னை மரமோ உயரமான கட்டடமோ மறைத்தால் வேலைக்கு ஆகாது. டிஷ் பயன்படுத்தும் கேயூ (Ku) என்ற வகை ரேடியோ அலைகளைக் கனமழை விழுங்கிவிடும். ஐப்பசி அடைமழையில் கிரிக்கெட்டின் கடைசி ஓவர் காணாமல் போனால் யாரையும் திட்டிப் பயனில்லை. மழை தணிந்ததும் படம் தானாக வரும்.