எச்.ஐ.வி. உள்ள அக்காவுக்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம்?

தம்பி, அக்காவுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், உடம்பு தேற என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் தர்மபுரி என்று போட்டிருந்ததால் எழுதுகிறேன். எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர் பாதாம், ஆப்பிள், புரோட்டீன் பவுடர் என்று அடுக்கியிருப்பதைப் பார்த்து எரிச்சலும் வந்தது.

எனக்கும் எச்.ஐ.வி.தான், 11 வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். ஊர் பென்னாகரம் பக்கம், அதற்கு மேல் வேண்டாம். ஆரம்பத்தில் எனக்கும் என்ன சாப்பிட வேண்டும் என்று அப்படி ஒரு பட்டியல் போட்ட அட்டைதான் கொடுத்தார்கள். மீன், பழச்சாறு, உலர் திராட்சை. யார் கண்ணிலும் படக்கூடாதென்று அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். அப்போது என் எடை 39 கிலோ.

அப்புறம் வந்த கவுன்சிலர் அம்மா அட்டையைத் தொடவே இல்லை. "நேத்து காலையிலிருந்து என்ன சாப்பிட்டே?" என்றார். களி, புளிக்குழம்பு. "வீட்டில் கடைசியா சாப்பிடறது யாரு?" நான்தான். "பருப்புக் குழம்பு வச்சா உனக்கு என்ன மிஞ்சும்?" சட்டி கழுவுற தண்ணிதான் என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். களியை விடாதே, தொட்டுக்கொள்ள கொள்ளு, அவரைக்கொட்டை, முருங்கைக்கீரை, முடிந்த நாளில் ஒரு முட்டை என்றார். பரிமாறுவதற்கு முன்னால் உனக்கு ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்துவிடு என்றும் சொன்னார். எட்டு மாதத்தில் 46 கிலோ ஆனேன். மாத்திரையின் வேலையும் அதில் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

இப்போது எச்.ஐ.வி.க்குப் பெரும்பாலும் தரும் மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கும். அதை வெறும் வயிற்றில் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையோடு போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். இல்லாவிட்டால் அந்தச் சத்து மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ எச்.ஐ.வி. மாத்திரையைப் போட வேண்டும். முட்டிவலிக்குக் கொடுத்த கால்சியத்தை நான் மூன்று மாதம் ஒன்றாகவே விழுங்கிக்கொண்டிருந்தேன். நான் டாக்டர் இல்லை, எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தட்டு, டம்ளர் தனியாக வைக்காதீர்கள், சேர்ந்து சாப்பிடுவதால் எச்.ஐ.வி. ஒட்டாது.

ஏழை என்றால் களிதானா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பாதாம் வாங்க முடிந்தால் தாராளமாக வாங்குங்கள்.

களி என்றதும் இன்னொன்று. 2023இல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள். நல்ல திட்டம். எங்கள் கடையில் எப்போது கேட்டாலும் "அடுத்த வாரம் வாங்க". ஒரு தடவை கிடைத்தது. புடைத்துப் பார்த்தால் ஒரு கைப்பிடி கல். கொண்டுபோய் அந்தத் தராசிலேயே கொட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து கடைக்காரர் என்னிடம் பேசுவதில்லை.