மொழி வகுப்பில் ஜிபிஎஸ் வேட்டை: அது என்ன, ஏன் பலன் தருகிறது?

போனோடு மைதானத்தில் ஓடினால் மொழி எப்படி வரும் என்று உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் பலர் கேட்கிறார்கள். விஷயம் எளிது. மைதானத்தில் சில இடங்களில் கியூஆர் குறியீடுகளை ஒட்டிவிடுவார்கள். மாணவர்கள் ஜிபிஎஸ் காட்டும் இடத்துக்குப் போய், குறியீட்டை ஸ்கேன் செய்து, கற்கும் மொழியில் வரும் குறிப்பைப் படித்து, அடுத்த இடத்தைத் தேட வேண்டும். 2000-இல் தொடங்கிய ஜியோகேச்சிங் புதையல் வேட்டையின் பள்ளி வடிவம் என்றே சொல்லலாம்.

திறந்த வெளியில்கூடப் போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் தவறும். அந்தக் கடைசி 5 மீட்டருக்கு மொழிதான் துணை. “படிக்கட்டுக்குப் பின்னால், கைப்பிடிக்குக் கீழே” என்ற குறிப்பில் ‘கீழே’யை ‘மேலே’ என்று புரிந்துகொண்டால் குறியீடு கிடைக்காது. ஆசிரியர் சிவப்பு மையை எடுக்கவே வேண்டாம். வழி கேட்டு வண்டி ஓட்டுகிறவருக்கு இடது, வலது மறக்காது இல்லையா, அதுபோலத்தான். அப்புறம், குறிப்பை ஒருவர் மட்டும் படிக்கலாம், மற்றவர்கள்தான் தேட வேண்டும் என்று விதி வைத்தால் பேச்சும் தானாக வரும். என்னைக் கேட்டால், செயலியைவிட இந்த விதிதான் முக்கியம்.

ஆளுக்கொரு போன் வேண்டும் என்று நினைக்கிறார்கள். குழுவுக்கு ஒன்று போதும், பேச்சு நடக்க அதுவே நல்லது.