கடலுக்குப் பட்டா உண்டா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மக்களையே ரேஞ்சர்களாக வைத்துக் கடற்கரையைக் காக்கிறார்களாமே, அது நம்ம வனத்துறை வாட்ச்மேன் வேலை மாதிரிதானா? எங்கள் பக்கத்துக் கோலிவாடா (கோலி மீனவர் குடியிருப்பு) மீனவர்களுக்கும் அப்படி ஒரு வேலை கிடைத்தால் நல்லதுதானே?
- வாசகி, தாராவி, மும்பை

பதில்: வாட்ச்மேன் வேலை இல்லைம்மா. அங்கே நிலத்துக்கு உரிமையுள்ள சமூகமே ஓர் அமைப்பை வைத்து, தன் பெரியவர்களைக் கேட்டு, தன் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கிறது. வடக்கே ஆர்ன்ஹெம் லாண்டில் யோல்ங்கு என்ற பூர்வகுடி மக்களின் திமுரு அமைப்பு 1992-இலிருந்து அப்படித்தான் நடக்கிறது. அரசுப் பணமும் வருகிறது, ஆனால் எஜமான் சமூகம்தான். கப்பல்கள் கைவிட்ட வலைகள் மிதந்து வந்து கரையேறும், அதில் ஆமைகள் சிக்கிக் கிடக்கும். அறுத்து விடுவிப்பதும் அந்த வலைகளை இழுத்து அகற்றுவதும் ரேஞ்சர்கள் வேலையில் ஒரு பகுதி.

உரிமை சும்மா வரவில்லை. 1996-இல் புளூ மட் விரிகுடாவில், தாங்கள் மூதாதையாகக் கருதும் முதலை குடியிருக்கும் புனித இடத்தில், யாரோ திருட்டுத்தனமாக மீன் பிடிக்க முகாம் போட்டு, வெட்டிய முதலைத் தலையையும் விட்டுப்போயிருந்ததை யோல்ங்கு மக்கள் பார்த்தார்கள். கொதித்துப்போனவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எந்த நீர் எந்தக் குலத்துடையது என்பதை 80 மரப்பட்டை ஓவியங்களாக வரைந்து ஊருக்கே காட்டினார்கள். அப்புறம் வழக்கு. பூர்வகுடி நிலத்தை ஒட்டி அலை ஏறி இறங்கும் பகுதியில், மேலே நிற்கும் தண்ணீர் உட்பட, அவர்கள் அனுமதி இல்லாமல் யாரும் மீன் பிடிக்க நுழையக் கூடாது என்று 2008 ஜூலை 30 அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்ன்ஹெம் லாண்ட் இருக்கும் வடக்குப் பிரதேசக் கடற்கரையில் ஏறக்குறைய 80 சதவீதம் அதில் அடங்கும்!

இப்போது நம்ம மும்பைக்கு வாருங்கள். இந்த ஊர் நகரமாவதற்கு முன்பே இங்கே வலை வீசியவர்கள் கோலிகள். ஆனால் கடலோரமாகப் போகும் கோஸ்டல் ரோடு வந்தபோது வொர்லி மீனவர்கள், படகு போய்வர பாலத்தூண்களுக்கு நடுவே போதுமான இடம் விடுங்கள் என்று வருடக்கணக்கில் போராடித்தான் 60 மீட்டரை 120 மீட்டராக்க முடிந்தது, அவர்கள் கேட்டதோ 160. தங்கள் நீரிலேயே மனு கொடுப்பவர்களாக நிற்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு வலிக்கிறது. 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை கோலிவாடாக்களை வரைபடத்தில் குறிக்கச் சொன்னது, ஆனால் மீன் பிடிக்கும் நீரின் மேல் உரிமை தரவில்லை.

அதனால் வேலை அப்புறம். உங்கள் பக்கத்துக் கோலிவாடாவில் சீமாங்கன், அதாவது எல்லை அளந்து குறிக்கும் வேலை, முடிந்ததா, படகு நிறுத்தும், வலை காயப்போடும் இடங்கள் அந்த வரைபடத்தில் இருக்கின்றனவா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கொடுக்க அவர்களுக்குக் கூட இருந்து உதவுங்கள்.