ஆண்கள் அணிகளுக்குப் பெண் பயிற்சியாளர் வரக்கூடாது என்று விதி இருக்கிறதா?

அப்படி எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. தடை இருப்பது ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையில். அணி உரிமையாளர் பெரும்பாலும் தமக்குத் தெரிந்த முன்னாள் வீரர்களுக்குள்ளேயே தேடுகிறார். அந்த வட்டத்தில் பெண்கள் இல்லை.

"ஆண்கள் ஆட்டத்தை ஆடியவருக்குத்தான் அது புரியும்" என்ற வாதம் பலவீனமானது. தொழில்முறைக் கால்பந்து ஆடாத அரிகோ சாக்கிதான் பயிற்சியாளராக இருந்து இத்தாலியின் ஏசி மிலான் அணிக்கு இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளை வென்று கொடுத்தார். அவரிடம் யாரும் கேட்காத சான்றிதழைப் பெண்ணிடம் மட்டும் கேட்கிறார்கள்.

பெக்கி ஹாமனைப் பாருங்கள். 2014 முதல் 2022 வரை சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ற அமெரிக்க ஆண்கள் கூடைப்பந்து அணியின் துணைப் பயிற்சியாளராக இருந்தார். 2020 டிசம்பர் 30 அன்று தலைமைப் பயிற்சியாளரை நடுவர் வெளியேற்றியதும், மீதி ஆட்டத்தை நடத்தியவர் ஹாமன்தான். ஆனால் அமெரிக்க ஆண்கள் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ-வின் எந்த அணியும் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கவில்லை. பெண்கள் அணியான லாஸ் வேகாஸ் ஏசஸுக்குப் போனார்; முதல் பருவத்திலேயே, 2022-இல், கோப்பை.

ஆண்கள் நிறைந்த விளையாட்டில் ஒரு பெண் பொறுப்புக்கு வரும் இரண்டு வழிகளை நம் சென்னையிலும் பார்த்துவிட்டோம். 2019-இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத் தலைவரான ரூபா குருநாத், முன்னாள் கிரிக்கெட் வாரியத் தலைவர் என். சீனிவாசனின் மகள். அது வீட்டு வழி, சொல்லத்தான் வேண்டும். ஜனனி நாராயணனின் வழி வேறு: மென்பொருள் வேலையை விட்டார், நடுவர் தேர்வு எழுதித் தேறினார், 2023 ஜனவரியில் ஆண்கள் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் நடுவராக நின்றார். நடுவருக்குத் தேர்வும் மதிப்பெண்ணும் உண்டு. தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குப் பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்புதான்.