லண்டனைப் பற்றியே எழுதிய சார்லஸ் டிக்கன்ஸ் ஏன் கிராமத்தில் வீடு வாங்கினார்? கேட்ஸ் ஹில் வீட்டுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

அப்பா சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம்.

டிக்கன்ஸ் என்றதும் நமக்கு லண்டன் சந்துகளும் பனிமூட்டமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை வளர்ந்தது கென்ட் பகுதியில், சாத்தம் என்ற ஊரில். அப்பா ஜான் டிக்கன்ஸுக்குக் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. பக்கத்து ஊரான ரோச்செஸ்டரைத் தாண்டிப் போகும் சாலையில் ஒரு மேடு; அந்த மேட்டின் மேல் செங்கல்லில் கட்டிய ஒரு வீடு. அரண்மனை எல்லாம் இல்லை, வசதியானவர்கள் இருக்கும் வீடு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பையன் அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். விடாமல் உழைத்தால் ஒருநாள் நீ இதில் குடியிருக்கலாம் என்று அப்பா சொல்வாராம். 1860-இல் எழுதிய ஒரு கட்டுரையில் டிக்கன்ஸே இதைச் சொல்லியிருக்கிறார். அதில் அவர் வழியில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனைப் பார்க்கிறார். அவன் அப்பா சொன்னதைச் சொல்லிவிட்டு, அதெல்லாம் நடக்கிற காரியமா என்கிறான். அந்தப் பையன் டிக்கன்ஸேதான்.

இப்படிச் சொன்ன அப்பா 1824-இல் கடனைக் கட்ட முடியாமல் மார்ஷல்சி சிறைக்குப் போனார். 12 வயது மகன் ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். அந்த அவமானத்தை டிக்கன்ஸ் கடைசிவரை வெளியில் பேசவில்லை. நெருங்கிய நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது.

அந்த வீடு விலைக்கு வந்தபோது அவர் இங்கிலாந்தின் மிகப் பிரபலமான நாவலாசிரியர். 1856 மார்ச் 14, வெள்ளிக்கிழமை அன்று 1,790 பவுண்டு கொடுத்து வாங்கினார். விற்றது எலைசா லின், டிக்கன்ஸின் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர். ஆனால் வாக்குச் சொன்ன அப்பா 1851-லேயே போய்விட்டார். மகன் சாவியை வாங்கியதைப் பார்க்க அவர் இல்லை. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு கனத்துவிடும்.

வாங்கிய பிறகு நடந்ததும் அவ்வளவு சுகமானதல்ல. முதலில் தண்ணீர்ப் பிரச்சினை. கிணற்றை 200 அடிக்கு மேல் தோண்டியும் சரியாக ஊறாமல் செலவு இழுத்துக்கொண்டே போனது. 1857 கோடையில் டென்மார்க்கின் குட்டிக்கதை மன்னர் ஆண்டர்சன் விருந்தாளியாக வந்து ஐந்து வாரம் தங்கிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் சலிப்பு. 1858-இல் மனைவி கேதரினைப் பிரிந்தார். பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர் அந்த அம்மா. கனவு வீட்டின் நிர்வாகம் மைத்துனி ஜார்ஜினா கைக்குப் போனது. டிக்கன்ஸை நான் எவ்வளவு நேசித்தாலும், கேதரினுக்கு அவர் செய்ததை நியாயப்படுத்த முடியாது.

1860-இல் லண்டன் வீட்டை விற்றுவிட்டு கேட்ஸ் ஹில்லுக்கே வந்துவிட்டார். அந்த செப்டம்பரில் வீட்டின் பின்பக்கம் பெரிய தீ மூட்டி, இருபது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த கடிதங்களை எல்லாம் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டி எரித்தார். பிள்ளைகள் அந்தச் சாம்பலில் வெங்காயம் சுட்டுத் தின்றார்களாம்.

அதை ஒட்டித்தான் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' எழுதத் தொடங்கினார். டிசம்பரிலிருந்து தொடராக வந்தது. இதை நம்மில் பலர் கல்லூரியில் நான்-டீட்டெயிலாகப் படித்திருப்போம். கொல்லன் வீட்டில் வளரும் பிப் என்ற ஏழைப் பையன் ஒரு பெரிய வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறான். அன்றிலிருந்து தன் வீடு அவனுக்கு அற்பமாகத் தெரிகிறது. பாசமாக வளர்த்த ஜோவைப் பார்த்தே வெட்கப்படுகிறான். அந்தப் பெரிய வீட்டிலோ கடிகாரம் நின்று, கல்யாணக் கேக் மேசைமேலேயே கெட்டுக் கிடக்கிறது. சிறுவயதில் ஏங்கிய வீடு கைக்கு வந்த பிறகு ஒரு மனிதர் இதை எழுதுகிறார் என்றால், கேட்ஸ் ஹில் அவருக்கு என்னவெல்லாம் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும்! பிப்பின் வெட்கத்தில் மார்ஷல்சி சிறுவனின் வெட்கம் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

நாவலின் நிலமும் அந்த வீட்டைச் சுற்றி உள்ளதுதான். தினமும் மைல் கணக்கில் நடப்பார் மனிதர். தேம்ஸ் கரைச் சதுப்பு நிலத்தில் கூலிங் என்ற சின்ன ஊர். அங்கே தேவாலயத் தோட்டத்தில் கைக்குழந்தைகளின் கல்லறைகள் 13 இருக்கின்றன. ஒவ்வொன்றும் குழந்தையின் நீளத்துக்குச் செதுக்கிய கல். முதல் அத்தியாயத்தில் பிப் தன் தம்பிமார்களின் கல்லறைகளாகப் பார்ப்பது இவற்றைத்தான். நாவலில் ஐந்தாகக் குறைத்துவிட்டார். 13 என்று எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் அந்த மரவீட்டைச் சொல்லியாக வேண்டும். ஃபெக்டர் என்ற நடிகர் சுவிஸ் பாணி மரவீடு ஒன்றை 94 துண்டுகளாக, 58 பெட்டிகளில் பரிசாக அனுப்பினார். சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த தன் மரத்தோப்பில் டிக்கன்ஸ் அதை நிறுத்தினார். வண்டிகள் ஓடும் சாலையைக் கடக்க வேண்டாம் என்று அடியில் ஒரு சுரங்கப்பாதை ஏற்கெனவே போட்டிருந்தார். மாடி அறையில் சுற்றிலும் கண்ணாடி மாட்டினார். இலைகளும் வயல்களும் தூரத்து ஆற்றில் போகும் பாய்மரங்களும் அறைக்குள்ளேயே தெரியும். கடைசி ஆண்டுகளில் கோடைக்காலத்தில் அங்கேதான் எழுத்து. பெரிய வீட்டைவிட அந்தச் சின்ன அறைதான் அவருக்கு உண்மையில் பொருந்தியது என்பது என் எண்ணம்.

1870 ஜூன் 8-ஆம் தேதி அங்கே உட்கார்ந்து 'எட்வின் ட்ரூட்' நாவலை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தார். இரவு உணவு மேசையில் பக்கவாதம் தாக்கி விழுந்தார். மறுநாள் மாலை அதே சாப்பாட்டு அறையில் உயிர் பிரிந்தது. வயது 58. நாவல் பாதியில் நின்றது. ரோச்செஸ்டர் பக்கமே அடக்கம் செய்வதாக இருந்தது. ஆனால் நாடே கேட்டதால் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைத்தார்கள்.

வீட்டை மூத்த மகன் வாங்கிச் சில ஆண்டுகள் வைத்திருந்து விற்றுவிட்டார். 1924-இல் அங்கே ஒரு பள்ளிக்கூடம் வந்தது. மரவீட்டை ரோச்செஸ்டரில் ஈஸ்ட்கேட் ஹவுஸ் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். கென்ட் போகிறவர்கள் கூலிங் கல்லறைகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.