வாங்கமுன் கேளுங்கள்: சோளகக் காலமும் வீட்டு நாயும்

இந்தமுறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் நாய்களைப் பற்றியவை. தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகம் தொடங்கிவிட்டது, குளங்கள் வற்றுகின்றன, வெயிலைக் காட்டி விற்கிறவர்களும் வந்துவிட்டார்கள்.

கேள்வி: கொழும்பில் ஹஸ்கி குட்டி ஒன்று வாங்கினேன். இப்போது ஒன்பது மாதம். பகல் முழுக்க நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிறது. மயிரை ஒட்ட வழிக்க மெஷின் வாங்கப்போகிறேன். எது நல்லது? (கிளிநொச்சி)

பதில்: எதுவும் வேண்டாம். ஹஸ்கிக்கு மயிர் இரண்டு அடுக்கு. மேல் அடுக்குத்தான் வெயிலைத் தோலில் படவிடாமல் மறிக்கிறது. வழித்தால் தோல் எரியும், திரும்ப முளைக்கிற மயிரும் சிலவேளை ஒழுங்காக வராது. உள்ளே கழலுகிற பஞ்சு மயிரை வாரி எடுக்க ஒரு கம்பிச் சீப்பு போதும். சைபீரியப் பனியில் வண்டி இழுத்த இனத்தை ஏ9 றோட்டு வெயிலுக்கு ஏற்றிவரமுன் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கலாம். சரி, இப்போது அது உங்கள் நாய். விடிய வெயில் ஏறமுன் நடத்துங்கள். பின்னேரம் என்றால் பொழுதுபட்டு நிலம் ஆறின பிறகு. பகலில் ஃபான் சுழலுகிற சீமெந்துத் தரையில் படுக்கட்டும். கரண்ட் பில்லையும் குட்டியின் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கேள்வி: கார்பெற் றோட்டில் நடக்க நாய்க்குச் சப்பாத்து விற்கிறார்கள். வாங்கலாமா? (மாங்குளம்)

பதில்: உங்கள் புறங்கையை அந்த றோட்டில் ஏழு செக்கன் வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாயை இறக்காதீர்கள், சப்பாத்தோடும்தான்.

கேள்வி: "கரண்ட் தேவையில்லை, எந்த வெயிலிலும் குளிரும்" என்று முகநூலில் பார்த்து ஜெல் பாய் ஒன்றை 7,800 ரூபாவுக்கு எடுத்தேன். காசு கொடுத்த பிறகுதான் கூரியர்காரர் பெட்டியைத் தந்தார். நாய் படுத்து அரை மணித்தியாலத்தில் பாய் சுடுகிறது. மூன்றாம் நாள் ஓரம் வெடித்து ஜெல் வடிந்தது. விற்றவர் என்னை புளொக் பண்ணிவிட்டார். நான் மட்டும்தான் ஏமாந்தேனா? (புதுக்குடியிருப்பு)

பதில்: இல்லை, நானும்தான். இரண்டு வருடத்துக்கு முன் அதேபோல ஒரு நீலப் பாய் எடுத்தேன். எங்கள் நாய் அதை ஒருதரம் மணந்து பார்த்துவிட்டு, கிணற்றடி வாழைக்குக் கீழே ஈரமண்ணைக் கிண்டிப் படுத்தது. அதற்கு விளங்கினது எனக்கு விளங்கவில்லை. ஜெல் நாயின் சூட்டை இழுக்கும். இழுத்த சூட்டை வெளியே விட, சுற்றிவரக் குளிர் வேண்டும். நம்முடைய மத்தியானத்தில் அது எங்கே இருக்கிறது? விளம்பரம் பொய். நம்பினது உங்கள் பிழை இல்லை. நாய் ஜெல்லை நக்கியிருந்தால், பாயின் பெட்டியோடு கால்நடை வைத்தியரிடம் போங்கள்.

காசுக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, சொன்ன உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளைப் பற்றி முறையிடலாம். எழுத்தில் கொடுக்கவேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள். அவசரத்துக்கு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள். கூரியர் துண்டை எறியாதீர்கள். அனுப்பினவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அதில்தான் இருக்கும்.

இனி என் பழைய புலம்பல். பில் கேட்க நமக்கு ஏன் இந்த வெட்கம்? கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நாமோ "அண்ணை தெரிஞ்ச ஆள்தானே" என்று பேசாமல் வருகிறோம். தப்பித்தவறிக் கேட்டாலும் அண்ணை பழைய கலண்டர் தாளைக் கிழித்து 4,500 என்று எழுதித் தருவார். கடைப் பெயர் இல்லை, திகதி இல்லை, என்ன சாமான் என்றும் இல்லை. அந்தத் துண்டை வைத்து நீங்கள் காது குடையலாம். அண்ணையோடு கோபிக்கத் தேவையில்லை, பேனையை நீட்டி நில்லுங்கள், எழுதுவார்.

கேள்வி: எங்கள் அல்சேசன் கொழுத்துவிட்டது. மகன் பள்ளிக்கூடத்தால் வந்து, இரண்டு மணிபோல மோட்டார் சைக்கிளில் கட்டி ஓட்டுவான். கழுத்துப்பட்டி அறுந்துவிட்டது. பலமான பட்டி எங்கே எடுக்கலாம்? (நெடுங்கேணி)

பதில்: அறுந்த பட்டி உங்கள் நாயைக் காப்பாற்றியிருக்கிறது. நாய்க்கு நம்மைப்போல வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம், மிச்சமெல்லாம் இளைத்துத்தான் ஆறவேண்டும். மோட்டார் சைக்கிள் இழுத்தால் அது நின்று இளைப்பது எப்படி? நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. எச்சில் தடித்து வடிந்தால், பல் முரசு கடுஞ்சிவப்பானால், தள்ளாடினால், நிழலுக்குத் தூக்கிக் கிணற்றுத் தண்ணியை உடம்பெங்கும் ஊற்றிக் காற்றுப்பட விடுங்கள். கால்நடை வைத்தியரிடம் போக ஓட்டோவுக்கு அதற்குப் பிறகு போன் அடியுங்கள். ஈரச் சாக்கால் மூடிவைத்தால் சூடு உள்ளேயே நிற்கும். பனடோல் கொடுக்கவே வேண்டாம். இது காய்ச்சல் இல்லை, அந்தக் குளிசை நாய்க்கு நஞ்சாகலாம். கொழுப்புக் குறையச் சோற்றைக் குறையுங்கள். மகனை விடிய எழுப்பிக் குளக்கட்டில் நாயோடு நடக்கவிடுங்கள். அவனுக்கும் நல்லது.

கேள்வி: குளத்தில் நீந்தவிட நாய்க்கு மிதவைச் சட்டை வாங்கலாமா? (ஒட்டுசுட்டான்)

பதில்: முதலை சட்டையோடு சேர்த்து விழுங்கும்.

கேள்வி: அயலவர் பயப்படுகிறார்கள் என்று வாய்ப்பூட்டு பார்த்தேன். துணியில் செய்தது 600, கூடை மாதிரியானது 2,000. மலிவானது போதாதா? (வவுனியா)

பதில்: போதாது. துணிப்பூட்டு வாயைச் சேர்த்துக் கட்டும், நாய் இளைக்க முடியாது. கூடைக்குள் வாய் திறந்து நாக்கு நீட்டவும் தண்ணி குடிக்கவும் இடம் இருக்கவேண்டும். நாயைக் கடைக்குக் கூட்டிப்போய் அளவு பாருங்கள்.

கேள்வி: நனைத்துப் போடுகிற "கூலிங் சட்டை" 9,000 சொல்கிறார்கள். வேலை செய்யுமா? (பரந்தன்)

பதில்: செய்யும். சோளகம் காய்ந்த காற்று, ஈரத்தை விறுவிறென்று உறிஞ்சும், அதில்தான் குளிர்ச்சி. உங்கள் பழைய சாரத்தை நனைத்துப் பிழிந்து முதுகில் போட்டு, காற்றுப்படுகிற இடத்தில் விட்டாலும் அதேதான். காயக்காய நனையுங்கள். காற்று விழுந்து புழுங்கும்போது இரண்டும் உதவாது.

கேள்வி: வெல்டிங் கடையில் தகரக் கூடு 22,000 சொல்கிறார்கள். உள்ளே றெஜிபோம் அடித்தால் சூடு குறையுமா? (ஓமந்தை)

பதில்: குறையமுன் நாய் அதைக் கடித்துத் தின்னும். நாலு கட்டை நட்டுக் கிடுகு வேயுங்கள், சுற்றிவர அடைக்காதீர்கள், காற்று ஊடறுத்துப் போகட்டும். பக்கத்தில் தட்டினாலும் கவிழாத பாரமான மண்சட்டியில் தண்ணி. நான் செய்வித்த தகரக் கூட்டுக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்து, வாசலில் நாயின் பெயரும் எழுதுவித்தேன். பதினொரு மணிக்குக் கூரையில் கைவைக்க முடியவில்லை. நாய் ஒருநாளும் உள்ளே போகவில்லை. இப்போது தேங்காய் மட்டை அடுக்குகிறேன், பெயர் இன்னும் அழியவில்லை.