நீலச் சிங்கம், மஞ்சள் சிங்கம்

கேள்வி: நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரே பிராட்பரியின் இரண்டு அறிவியல் புனைகதைகளை எடுத்துக்கொண்டு, பாத்திரப் படைப்பையும் மையக்கருத்தையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று 'தி வெல்ட்', இன்னொன்று 'தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்'. முதல் கதைக்கு நான்கு பக்கம் எழுதிவிட்டேன். இரண்டாவதில் மனிதர்களே இல்லை, ஒரு வீடு மட்டும்தான் இருக்கிறது. பாத்திரப் படைப்பு என்று தலைப்புப் போட்டுவிட்டு அதன் கீழே என்ன எழுதுவது? மையக்கருத்து இரண்டுக்கும் ஒன்றுதான், 'தொழில்நுட்பம் மனிதனை அழிக்கும்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சரியில்லை. அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், மற்றதைக் காப்பாற்றிவிடலாம். உங்கள் முதல் சந்தேகத்துக்கான விடையும் அந்த வரியை ஏன் அடிக்க வேண்டும் என்பதில்தான் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்தக் கதைகளைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே 1950-ல், சில மாத இடைவெளியில், அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்தவை. 'சாஃப்ட் ரெயின்ஸ்' கதையில் கலிபோர்னியாவின் அலெண்டேல் என்ற ஊரில் எல்லாவற்றையும் தானே செய்யும் ஒரு வீடு இருக்கிறது. எழுப்புகிறது, சமைக்கிறது, பெருக்குகிறது, குளிக்கத் தண்ணீர் நிரப்புகிறது. ஊரில் மிச்சமிருப்பது அந்த ஒரு வீடுதான். இரவானால் இடிபாடுகளிலிருந்து கதிரியக்க ஒளி வீசுகிறது. ஆள் யாரும் இல்லை என்று தெரியாமலே வீடு ஒரு முழு நாள் வேலை செய்துவிட்டு, அன்றிரவு தீப்பிடித்து எரிந்துபோகிறது. 'தி வெல்ட்' கதையிலும் அப்படியொரு வீடுதான், ஆனால் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். ஜார்ஜ், லிடியா ஹாட்லி தம்பதி, அவர்களுடைய பத்து வயதுப் பிள்ளைகள் பீட்டரும் வெண்டியும். அங்கே குழந்தைகள் நினைப்பதைச் சுவரில் உயிரோடு கொண்டுவரும் ஓர் அறை உண்டு. அந்த அறை ஆப்பிரிக்கப் புல்வெளியிலேயே நின்றுவிடுகிறது, சிங்கங்கள் எதையோ தின்றுகொண்டிருக்கின்றன. பெற்றோர் அறையை மூடப் பார்க்கிறார்கள், பிள்ளைகள் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். 'சாஃப்ட் ரெயின்ஸ்' குடும்பத்தைக் கொன்றது எது? குண்டு. ஹிரோஷிமா நடந்து ஐந்து வருஷம்கூட ஆகாத நேரம், சோவியத் யூனியனும் 1949 ஆகஸ்டில் தன் முதல் அணுகுண்டைச் சோதித்துவிட்டது, அந்தப் பயத்துக்குள் உட்கார்ந்து எழுதிய கதை இது. அந்த வீட்டுக்கும் குண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அது யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. டோஸ்ட் போடுகிற இயந்திரத்தையும் அணுகுண்டையும் 'தொழில்நுட்பம்' என்ற ஒரே பையில் போட்டுக் கட்டினால் கதையில் வலிக்கிற இடம் அத்தனையும் கைநழுவிப் போய்விடும். வீடு குற்றமற்றது என்பதால்தானே அது எரியும்போது நமக்குத் தாங்கவில்லை?

எரியும்போது தாங்கவில்லை என்றால் அது ஒரு பாத்திரம் என்றுதானே அர்த்தம். நீங்கள் தேடுகிற ஆள் அதுதான். பாத்திரப் படைப்பு என்றவுடன் பெயர், வயது, குணம், தோற்றம் என்று நாலு கோடு போட்டு நிரப்பிப் பழகிவிட்டோம், பள்ளியிலிருந்தே அப்படித்தான். அந்தக் கோடுகளை மறந்துவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள்: இந்தக் கதையில் யார் எதையோ விரும்புகிறார்கள், எதற்கோ பயப்படுகிறார்கள், எதையோ இழக்கிறார்கள்? வீடுதான். ஜன்னலில் ஒரு குருவி உரசினால்கூட திரையை விருட்டென்று மேலே சுருட்டிக் குருவியை விரட்டிவிடுகிறது. தனியாக வாழ்ந்து பழகிய வயதானவர்களின் பதற்றம் அதற்கு இருக்கிறது. நாய் சேற்றுக்காலோடு உள்ளே வந்தால் துடைக்கிற இயந்திர எலிகளுக்குக் கோபம் வருகிறது. பிராட்பரி அதன் சாவையும் ஒரு உடம்பின் சாவாகவே எழுதுகிறார். மரச்சட்டங்கள் எலும்பாகின்றன, மின்கம்பிகள் நரம்பாகின்றன. சாகிற நேரத்திலும் அடுப்பு நிற்கவில்லை, பைத்தியம் பிடித்ததுபோலப் பத்து டஜன் முட்டையைச் சமைத்துத் தள்ளுகிறது. யாராவது சாப்பிட வரமாட்டார்களா என்று கேட்பதுபோல எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

அப்புறம், அந்தக் கதையில் மனிதர்களே இல்லை என்கிறீர்கள். இருக்கிறார்கள். காலை உணவை எண்ணிப் பாருங்கள். எட்டு டோஸ்ட், எட்டு முட்டை, பதினாறு துண்டு பேக்கன், இரண்டு காபி, இரண்டு டம்ளர் பால். காபி இரண்டு, பால் இரண்டு. பெரியவர்கள் இரண்டு பேர், குழந்தைகள் இரண்டு பேர். சொல்லாமலே ஒரு குடும்பத்தை மேசையில் உட்கார வைத்துவிட்டார். வீட்டின் மேற்குச் சுவர் முழுக்கக் கருகிப்போயிருக்க, புல்வெட்டும் ஆள், பூப்பறிக்கக் குனிந்த பெண், கையை மேலே வீசிய பையன், வீசிய பந்து, அதைப் பிடிக்கக் கை தூக்கிய சிறுமி, இவர்கள் நின்ற இடத்தில் மட்டும் சுவரில் பெயிண்ட் மிச்சமிருக்கிறது. அந்தப் பந்து கீழே வரவே இல்லை. மதியம் சீட்டாட்ட மேசை விரிகிறது, இரவு சுருட்டு தானாகப் பற்றிக்கொண்டு காத்திருக்கிறது. மாலையில் எந்தக் கவிதை வாசிக்க என்று திருமதி மெக்லெல்லனிடம் வீடு கேட்கிறது, பதில் வராததால் அதுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தக் குடும்பத்தின் பெயர் நமக்குக் கிடைப்பது அங்கேதான், அதுவும் வீட்டின் வாயிலிருந்து. ஆனாலும் அவர்களுடைய ஒரு நாள் எப்படி இருந்திருக்கும் என்று உங்களால் மணி வாரியாகச் சொல்ல முடிகிறது, இல்லையா? இதைத்தான் அந்தத் தலைப்பின் கீழே எழுத வேண்டும். ஆள் போன பிறகு ஆளின் பழக்கங்களை வைத்து ஆளைக் காட்டுவது.

இங்கே நம் ஊர்ப் படிப்பு உங்களுக்குக் கை கொடுக்கும். தொல்காப்பியத்தில் முதல், கரு, உரி என்று மூன்று பொருள் படித்திருப்பீர்கள். இன்றைக்கு மையக்கருத்தைப் பலரும் 'கருப்பொருள்' என்று எழுதுகிறோம், ஆனால் பழைய கணக்கில் கருப்பொருள் என்பது ஒரு நிலத்தின் பறவை, விலங்கு, மரம், உணவு, பறை முதலானவை. மனத்தில் நடப்பது உரிப்பொருள். அகப்பாட்டில் கரு உரியைச் சுமந்துகொண்டு வரும். பிராட்பரிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் இந்தக் கதையை அந்தக் கண்ணோடு படித்தால் பால் டம்ளரும் இயந்திர எலியும் நாயும் என்ன வேலை செய்கின்றன என்பது உடனே பிடிபடும். உங்கள் ஆசிரியர் ஒப்புக்கொள்வார் என்றால் ஒரு பத்தி இதைப் பற்றியே எழுதுங்கள்.

'தி வெல்ட்' பற்றி நீங்கள் நாலு பக்கம் எழுதியதாகச் சொல்கிறீர்கள். ஜார்ஜ் பலவீனமானவர், லிடியா பயந்தவள், பீட்டர் கொடூரமானவன் என்று எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. ஆனால் குணங்களின் பட்டியலைவிட ஸ்விட்ச்சைப் பின்தொடருங்கள். அந்த அறையை நிறுத்துவதா வேண்டாமா, அதுதான் கதை. மூடச் சொல்லி முதலில் பயப்படுகிற லிடியாதான் கடைசியில் பிள்ளைகள் அழுகிறார்கள், ஒரு நிமிஷம் போட்டுவிடுங்களேன் என்று கெஞ்சுகிறாள். ஜார்ஜ் கடைசியில் எல்லாவற்றையும் அணைக்கிறார், பிறகு ஒரே ஒரு நிமிஷம் திரும்பப் போட்டுக் கொடுக்கிறார். அந்த ஒரு நிமிஷத்தில்தான் உயிர் போகிறது. முடியாது என்று சொல்லத் தெரியாத இரண்டு பெற்றோர்களை இதைவிடச் சுருக்கமாக யாரும் வரைய முடியாது. வீடே மனைவியாகவும் தாயாகவும் ஆயாவாகவும் ஆகிவிட்டது, எனக்கு இங்கே இடமில்லை என்று லிடியா சொல்கிற இடத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பாத்திரம் தன் வேலை போய்விட்டதைத் தன் வாயால் சொல்கிற இடம் அது. பிள்ளைகளின் பெயர்களையும் கவனியுங்கள். பீட்டர், வெண்டி என்றால் ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு வளரவே மாட்டேன் என்கிற பீட்டர் பேன் நினைவுக்கு வந்தே தீரும்.

சரி, ஒப்பீட்டை எங்கே பிடிப்பது? நான் சொல்ல நினைத்ததில் முக்கியமானது இதுதான், இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை என்றால் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 'சாஃப்ட் ரெயின்ஸ்' வீட்டிலும் ஒரு குழந்தைகள் அறை இருக்கிறது. மாலை நாலரை மணிக்குச் சுவர்கள் ஒளிர்கின்றன, விலங்குகள் வருகின்றன. மஞ்சள் ஒட்டகச்சிவிங்கி, நீலச் சிங்கம், இளஞ்சிவப்பு மான். அது குழந்தைகளின் நேரம், ஆனால் பார்க்கக் குழந்தைகள் இல்லை. தீ அந்த அறைக்கு வரும்போது அந்த நீலச் சிங்கங்கள் கர்ஜிக்கின்றன, மற்ற விலங்குகள் ஓடுகின்றன. அதே எழுத்தாளர், அதே வருஷம், அதே அறை! ஒன்றில் சிங்கம் நீலம், பொம்மைப் படத்துச் சிங்கம், யாரையும் தொடாது. மற்றதில் வெயிலில் காய்ந்த புல்லின் மஞ்சள், அதன் வாடைகூட அறைக்குள் வருகிறது, கடைசியில் அது தின்கிறது.

இந்த இரண்டு சிங்கங்களுக்கும் நடுவே என்ன மாறிவிட்டது என்று கேளுங்கள். இயந்திரம் மாறவில்லை. நீலச் சிங்கத்தை வீடு குழந்தைகளுக்குக் காட்டுகிறது. மஞ்சள் சிங்கத்தைக் குழந்தைகள் வீட்டுக்குச் சொல்லித் தருகிறார்கள். அதனால் 'தி வெல்ட்' கதையிலும் வீட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அது கேட்டதைக் கொடுத்தது, அவ்வளவுதான். இரண்டு கதையிலும் உண்மையான விஷயம் பராமரிப்பு. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, கதை சொல்வது. ஒரு வீட்டில் அந்தப் பராமரிப்பு அப்படியே நடக்கிறது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இன்னொரு வீட்டில் வாங்கிக்கொள்ளப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் கொடுக்க வேண்டிய தாயும் தகப்பனும் தங்கள் வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள், பிள்ளைகளின் பாசமும் அந்தப் பக்கமே போய்விட்டது. மையக்கருத்து என்று இதை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதினால் பாத்திரப் படைப்பும் அதற்குள்ளேயே வந்துவிடும், இரண்டுக்கும் தனித்தனித் தலைப்பே தேவைப்படாது.

வீடு தேர்ந்தெடுத்து வாசிக்கிற அந்தக் கவிதையைப் பற்றி ஒன்று. சாரா டீஸ்டேல் முதல் உலகப் போர்க் காலத்தில், 1918-ல் வெளியிட்ட சிறு கவிதை அது, கதையின் தலைப்பே அதிலிருந்துதான். மனித இனம் அழிந்தாலும் பறவைக்கும் மரத்துக்கும் ஒரு கவலையும் இருக்காது, வசந்தம் வந்தால் நாம் போனதுகூட அதற்குத் தெரியாது என்கிற கருத்து. இதையே கதையின் மையக்கருத்து என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் நாய் இருக்கிறது. உடம்பெல்லாம் எலும்பும் புண்ணுமாக அது வீட்டுக்குத் திரும்பி வந்து, ஒவ்வொரு கதவாகப் போய்க் குரைத்துத் தேடிவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் பலகாரம் வேகிற வாசனையில் வாயில் நுரை தள்ளிச் சுற்றிச் சுற்றி ஓடிச் செத்துப்போகிறது. யாருக்கும் கவலையில்லை என்று கவிதை சொல்கிறது, நாய் தேடுகிறது. இந்த இரண்டையும் பிராட்பரி ஒரே கதைக்குள் வைத்திருக்கிறார் என்பதை எழுதுங்கள். நாயை விட்டுவிட்டு இந்தக் கதையைப் பற்றி எழுதுகிறவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

எது சிறந்த கதை என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எனக்கு 'சாஃப்ட் ரெயின்ஸ்'. 'தி வெல்ட்' கதையில் மெக்லீன் என்ற உளவியலாளர் வருகிறார், இந்த அறைதான் உங்கள் பிள்ளைகளுக்கு அப்பாவும் அம்மாவும் ஆகிவிட்டது என்று ஜார்ஜிடம் விளக்கிவிடுகிறார். நாமே கண்டுபிடித்திருப்போம், அதற்குள் ஆசிரியர் ஒரு ஆளை அனுப்பிச் சொல்ல வைத்துவிட்டார். மற்ற கதையில் விளக்கம் சொல்ல ஒரு ஆள்கூட உயிரோடு இல்லை. ஆள் இல்லாததால்தான் பால் டம்ளரும் பந்தும் பேச வேண்டியிருக்கிறது. இதை உங்கள் கட்டுரையில் ஒரு தீர்ப்பாகவே எழுதலாம், எதிராக எழுதவும் இடமிருக்கிறது. ஆனால் ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள். இரண்டுமே சிறந்த கதைகள் என்று முடிக்காதீர்கள்.

கட்டுரையின் அமைப்புக்கு வந்தால், முதலில் ஒரு கதை முழுக்க, பிறகு மற்றது முழுக்க என்று போகாதீர்கள், படிக்கிறவர் நாலாம் பக்கத்தில் முதல் பக்கத்தை மறந்துவிடுவார். குழந்தைகள் அறையில் தொடங்குங்கள், நீலச் சிங்கத்திலிருந்து மஞ்சள் சிங்கத்துக்கு வாருங்கள், அங்கிருந்து பெற்றோருக்கு, அங்கிருந்து சாப்பாட்டு மேசைக்கு. எழுதிய நாலு பக்கம் வீணாகாது, வெட்டி இடம் மாற்றினால் போதும்.

முடிவுகளையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடிந்த வீட்டில் ஒரே ஒரு சுவர் நிற்கிறது, அதற்குள்ளிருந்து கடைசிக் குரல் இன்றைய தேதி 2026 ஆகஸ்ட் 5 என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் புல்வெளியில், சிங்கங்கள் மர நிழலில் தின்று முடித்துத் தண்ணீர் குடிக்கப் போக, தேடி வந்த மெக்லீனிடம் வெண்டி தேநீர் வேண்டுமா என்று கேட்கிறாள்.